மோட்டார் சைக்கிளின் பின் பிரேக் பெடல் உயரத்தைச் சரிசெய்தல்

பின் பிரேக் பெடல் உயரத்தைச் சரிசெய்தல் என்பது, மோட்டார் சைக்கிளின் கால் பிரேக் பெடல் மிதிக்கப்படாத நிலையில் ஃபுட்ரெஸ்டைவிட எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்க வேண்டும் என்பதை ஓட்டுபவரின் காலுக்கு ஏற்ப அமைக்கும் வேலையாகும். இரண்டு ஸ்பேனர்கள் இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் இதை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் இதோடு சேர்ந்து மாறும் இன்னொரு அளவு உண்டு. அது பெடலின் பிளே, அதாவது பெடலை மிதிக்கத் தொடங்கியது முதல் பிரேக் பிடிக்கத் தொடங்கும் வரை பெடல் சும்மா நகரும் தூரம். "பிரேக்கைக் கொஞ்சம் டைட் வையுங்கள்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லும்போது இந்த இரண்டில் எதைக் கேட்கிறோம் என்பது பெரும்பாலும் தெளிவாக இருப்பதில்லை. உயரத்தை மாற்றிவிட்டுப் பிளேயைப் பார்க்காமல் விட்டால், ஓட்டும்போது பிரேக் உரசிக்கொண்டே வரலாம். சமவெளியில் இது பெட்ரோல் செலவாகவும் ஷூ தேய்மானமாகவும் முடியும். மலை இறக்கத்தில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு ஏறும் போடிமெட்டுச் சாலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

பெடலும் அதனோடு இணைந்த உறுப்புகளும்

இன்றைய இந்திய மோட்டார் சைக்கிள்களில் பின் பிரேக் பெடல் வலது ஃபுட்ரெஸ்டுக்கு முன்னால் இருக்கிறது. பழைய ரக ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் கியர் வலக்காலிலும் பின் பிரேக் இடக்காலிலும் இருந்தன. பக்கம் மாறினாலும் கீழே சொல்லப்படும் விதிகள் அவ்வண்டிகளுக்கும் பொருந்தும்.

டிரம் பிரேக் உள்ள வண்டியில் கவனிக்க வேண்டிய உறுப்புகள் இவை:

பெடல்: இது ஒரு நெம்புகோல். ஓர் அச்சில் சுழல்கிறது. கால் மிதிக்கும் முனை அச்சிலிருந்து தொலைவிலும், பிரேக் ராடு மாட்டப்பட்ட முனை அச்சுக்கு அருகிலும் இருக்கும்.

ஸ்டாப்பர் போல்ட்: காலை எடுத்ததும் பெடல் எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. இதன் மேல் ஒரு லாக் நட்டு இருக்கும். பெடலின் உயரம் இங்குதான் மாற்றப்படுகிறது. எல்லா வண்டிகளிலும் இந்த போல்ட் இருப்பதில்லை.

பிரேக் ராடு: பெடலிலிருந்து பின் சக்கரம் வரை செல்லும் இரும்புக் கம்பி. இதன் பின் முனையில் மரையும் ஒரு நட்டும் இருக்கும். பிளே இந்த நட்டால் சரிசெய்யப்படுகிறது.

பிரேக் ஆர்மும் கேமும்: ராடு இழுக்கும்போது ஆர்ம் திரும்புகிறது. அதோடு சேர்ந்து டிரம்முக்குள் உள்ள கேம் திரும்பி இரண்டு ஷூக்களையும் விரிக்கிறது. ஷூக்கள் டிரம்மின் உட்சுவரில் உரசி வண்டியை நிறுத்துகின்றன.

ரிட்டர்ன் ஸ்பிரிங்: காலை எடுத்ததும் பெடலை மேலே இழுத்துச் செல்வது.

பிரேக் லைட் சுவிட்ச்: பெடலோடு ஒரு சிறு ஸ்பிரிங்கால் இணைக்கப்பட்டிருக்கும். பெடல் கீழே போகும்போது ஸ்பிரிங் இழுபட்டுப் பின்விளக்கு எரியும்.

உயரம் வேறு, பிளே வேறு

உயரம் என்பது பெடல் சும்மா நிற்கும் இடம். அது ஓட்டுபவரின் காலைப் பொறுத்தது. பிளே என்பது அந்த இடத்திலிருந்து ஷூ டிரம்மைத் தொடும் வரை பெடல் நகரும் தூரம். அது வண்டியின் பிரேக்கைப் பொறுத்தது. டிரம் பிரேக் உள்ள பெரும்பாலான வண்டிகளில் பெடலின் முனையில் அளந்தால் 20 முதல் 30 மி.மீ. வரை பிளே இருக்க வேண்டும். சரியான அளவை வண்டியோடு தரப்படும் கையேட்டில் பார்க்கலாம்.

இரண்டும் வேறு என்றாலும் ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாறும். எப்படி மாறும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெடலைத் தாழ்த்தி வைப்பது என்றால் அதை ஏற்கெனவே சிறிது மிதித்த நிலையில் நிறுத்துவது என்று பொருள். அப்போது ராடு முன்னோக்கி இழுபட்டுப் பிளே குறைகிறது. பெடலை உயர்த்தினால் ராடு தளர்ந்து பிளே கூடுகிறது.

ஓர் எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும். பெடலின் மிதிக்கும் முனை அச்சிலிருந்து 20 செ.மீ. தொலைவிலும், ராடு மாட்டிய முனை 5 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். நெம்பு விகிதம் 4:1. கால் முனையில் பெடலை 20 மி.மீ. தாழ்த்தினால் ராடு 5 மி.மீ. இழுபடும். முன்பு 25 மி.மீ. இருந்த பிளே இப்போது 5 மி.மீ. ஆகிவிடும். "பெடல் உயரமாக இருக்கிறது, கொஞ்சம் இறக்கி வைத்தேன்" என்று நினைத்தவரின் வண்டியில் பிரேக் ஏறக்குறைய பிடித்த நிலையிலேயே நிற்கிறது. ராடு நட்டின் மரை இடைவெளி 1 மி.மீ. என்றால், அந்த நட்டை 5 சுற்றுத் தளர்த்தினால்தான் பழைய பிளே திரும்பும்.

ஆகவே வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் உயரம், அடுத்து பிளே, கடைசியில் பிரேக் லைட் சுவிட்ச்.

போடிமெட்டு இறக்கம் பிரேக்கிடம் கேட்பது என்ன?

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள நகரம். ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்றது. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 இவ்வூர் வழியாகச் செல்கிறது. ஊருக்கு மேற்கே முந்தலில் மலைப்பாதை தொடங்குகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தூரத்தில், 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் தமிழக – கேரள எல்லையான போடிமெட்டு வரும். அதற்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பகுதிகளில் ஏலத்தோட்டங்கள் உள்ளன. தோட்ட வேலைக்காகப் போடிப் பகுதியிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பலர் இச்சாலையில் ஏறி இறங்குகிறார்கள்.

முந்தலுக்கும் போடிமெட்டுக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர். வண்டி 120 கிலோ, இரண்டு பேர் 130 கிலோ, ஒரு மூட்டை 50 கிலோ எனக் கொண்டால் மொத்தம் 300 கிலோ. மலை உச்சியில் இந்த எடைக்கு உள்ள நிலை ஆற்றலைப் பள்ளியில் படித்த வாய்பாட்டால் கணக்கிடலாம்:

300 × 9.8 × 1,000 = 29,40,000 ஜூல்.

இது சுமார் 9 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியசிலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். சராசரியாக மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்கினால் 40 நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுவதும் வினாடிக்குச் சுமார் 1,225 ஜூல் வெளியேறியாக வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், ஒரு இஸ்திரிப் பெட்டியை 40 நிமிடம் தொடர்ந்து சூடாக்குவதற்கு ஈடான ஆற்றல் இது.

இதில் ஒரு பகுதியைக் காற்றின் தடையும் டயர்களின் உருள் உராய்வும் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் இரண்டு பிரேக்குகளும் பங்கிட வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே பெரும் பங்கைத் தாங்கும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பங்கும் பிரேக்கின் தலையில் விழும். பெடலின் பிளே குறைந்து ஷூ உரசிக்கொண்டே வரும் வண்டியில், ஓட்டுபவர் பிரேக் பிடிக்காத நேரத்திலும் பின் டிரம் சூடேறிக்கொண்டே இருக்கும். வளைவுகளுக்கு இடையில் அது ஆறுவதற்கு வாய்ப்பே கிடைக்காது.

டிரம் சூடானால் விரியும். ஷூவிலிருந்து அதன் சுவர் விலகிப் போவதால் பெடலை முன்பைவிட ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும். ஷூவின் உராய்வுத் திறனும் குறையும். மேலே நன்றாகப் பிடித்த பிரேக் பாதி மலை இறங்கிய பிறகு "உள்ளே போகிறது" என்று தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பெடல் மிக உயரமாக இருந்தால்

ஃபுட்ரெஸ்டில் கால் வைத்திருக்கும்போது பெடல் மிக மேலே இருந்தால், மிதிப்பதற்குப் பாதத்தை ஃபுட்ரெஸ்டிலிருந்து தூக்க வேண்டும். அந்த நொடிகள் முக்கியமானவை. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 8.3 மீட்டர் செல்கிறது. கால் தூக்கி வைப்பதில் 0.3 வினாடி தாமதமானாலும், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 2.5 மீட்டர் கடந்துவிடும். ஒரு பஸ் வளைவில் திரும்பி வரும்போது 2.5 மீட்டர் சிறிய தூரமன்று.

சிலர் காலைத் தூக்கும் சிரமத்தைத் தவிர்க்கப் பாதத்தைப் பெடல் மேலேயே வைத்துக்கொண்டு வருவார்கள். பாதத்தின் எடையே பிளேயைத் தின்றுவிடும். பிரேக் உரசும், பின்விளக்கும் அணையாமல் எரியும். பின்னால் வருபவருக்கு, வண்டி உண்மையில் எப்போது பிரேக் பிடிக்கிறது என்பது தெரியாது. மழையிலும் மூடுபனியிலும் இது மிகவும் ஆபத்தானது.

பெடல் மிகத் தாழ்வாக இருந்தால்

பாதத்தை வளைத்துக் கீழே தேட வேண்டியிருக்கும். கணுக்கால் ஓரளவுக்கு மேல் கீழ்நோக்கி வளையாது என்பதால் முழு அழுத்தம் கொடுக்க முடியாது. சூடான டிரம்மில் பெடல் இன்னும் ஆழமாகப் போகும்போது மிதிக்க இடமே இல்லாமல் போகலாம்.

ஏற்றத்திலும் இதன் விளைவு தெரியும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பெரிய வண்டி வந்து நடுவில் நிற்க நேர்ந்தால், இடக்கால் தரையில் ஊன்றியிருக்கும். வலக்கை ஆக்சிலரேட்டரில் இருக்கும். வண்டி பின்னால் உருளாமல் பிடித்து வைப்பது வலக்கால் பெடல்தான். உடல் இடப்பக்கம் சாய்ந்த அந்த நிலையிலும் வலக்கால் பெடலை எளிதாக எட்ட வேண்டும். உயரம் சரியா என்று பார்க்க இது நல்ல சோதனை.

இறக்கத்திலும் நிற்க வேண்டிய கட்டாயம் அடிக்கடி வரும். இந்தியச் சாலை விதிகளின்படி, அகலம் போதாத மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும்.

சரியான உயரத்தைக் கண்டறிதல்

வழக்கமாக ஓட்டும்போது அணியும் செருப்பு அல்லது ஷூவை அணிந்துகொண்டு வண்டியில் உட்கார வேண்டும். பாதத்தின் நடுப்பகுதியை ஃபுட்ரெஸ்டில் இயல்பாக வைக்க வேண்டும். அப்போது,

1. பாதம் பெடலைத் தொடாமல் அதற்குச் சற்று மேலே இருக்க வேண்டும்.
2. ஃபுட்ரெஸ்டிலிருந்து பாதத்தைத் தூக்காமல், கணுக்காலை மட்டும் அசைத்து மிதிக்க முடிய வேண்டும்.
3. பிளே முடிந்து பிரேக் முழுமையாகப் பிடித்த நிலையிலும் கணுக்கால் வலிக்கும் அளவுக்கு வளையக் கூடாது.

காலணி மாறினால் இந்த அளவும் மாறும். அட்டைக்கடிக்காகத் தோட்டத்துக்கு கம்பூட் அணிந்து செல்பவருக்கு, மெல்லிய ரப்பர் செருப்பு அணிபவரைவிடப் பாதத்துக்கும் பெடலுக்கும் இடையே கூடுதல் இடைவெளி வேண்டும். ஒரே வண்டியை இருவர் ஓட்டினால், தடித்த காலணி அணிபவரின் பாதம் பெடலில் உரசாதபடி வைப்பதே பாதுகாப்பானது.

டிரம் பிரேக் வண்டியில் சரிசெய்யும் முறை

வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி வந்தவுடன் முந்தலில் நிறுத்தி நட்டை முடுக்குவது தவறு. சூட்டில் விரிந்த டிரம்முக்கு ஏற்ப முடுக்கினால், ஆறிய பிறகு டிரம் சுருங்கி ஷூவில் உரசும்.

1. சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு எஞ்சினை நிறுத்தவும். பின் சக்கரம் தரையில் படாமல் கையால் சுற்றும் நிலையில் இருக்க வேண்டும்.
2. பெடல் அச்சிலும் ராடு இணைப்பிலும் உள்ள சேற்றைத் துடைக்கவும். பெடலைக் கையால் அழுத்தி விட்டால் அது தானாக மேலே வர வேண்டும். வராவிட்டால் அச்சுக்கு கிரீஸ் வைத்த பிறகே மேற்கொண்டு தொடரவும்.
3. ராடின் பின்முனை நட்டைச் சில சுற்றுகள் தளர்த்தவும். உயரத்தை மாற்றும்போது ஷூ இழுபடாமல் இருக்க இது உதவும்.
4. ஸ்டாப்பர் போல்ட்டின் லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டைத் திருப்பிப் பெடலை வேண்டிய உயரத்துக்குக் கொண்டுவரவும். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பார்க்கவும்.
5. ஒரு ஸ்பேனரால் போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் லாக் நட்டை முடுக்கவும்.
6. இப்போது ராடு நட்டை முடுக்கிப் பிளேயைக் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவரவும். பெடல் முனைக்கு அருகில் ஸ்கேலை நிறுத்தி, பெடலைக் கையால் அழுத்தி, தடை தென்படும் இடம் வரை அளக்கலாம். நட்டின் வளைந்த பகுதி ஆர்மில் உள்ள பின்னின் மேல் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும்.
7. பின் சக்கரத்தைக் கையால் சுற்றவும். உரசும் ஒலி இல்லாமல் சுற்ற வேண்டும்.
8. பிரேக்கை நாலைந்து முறை அழுத்தமாக மிதித்துவிட்டுப் பிளேயை மீண்டும் அளக்கவும்.

சில வண்டிகளில் ஆள் ஏறி ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது பிளே சிறிது மாறும். ஆகவே இருவர் அமர்ந்த நிலையிலும் பெடலை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது.

பிரேக் லைட் சுவிட்ச்

பெடலைத் தாழ்த்தியிருந்தால் சுவிட்சின் ஸ்பிரிங் இழுபட்டு விளக்கு அணையாமல் எரியலாம். உயர்த்தியிருந்தால் விளக்கு தாமதமாக எரியும். பிளே முடிந்து பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே விளக்கு எரியும்படி வைக்க வேண்டும். இதற்குச் சுவிட்சின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். உடலைத் திருப்பினால் உள்ளே செல்லும் ஒயர்கள் முறுக்கி அறுந்துவிடும்.

டிஸ்க் பிரேக், காம்பி பிரேக் வண்டிகள்

பின்னால் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் பெடல் ராடுக்குப் பதிலாக மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ராடைத் தள்ளுகிறது. பல வண்டிகளில் இந்தப் புஷ் ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, அதன் நீளத்தை மாற்றுவதால் பெடல் உயரம் மாறும். இங்கும் புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறு இடைவெளி தேவை. அது இல்லாமல் போனால் பிஸ்டன் முழுமையாகப் பின்னால் வராது. பிரேக் ஆயில் டேங்குக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக வழி இல்லாததால் பிரேக் தானாக இறுகும். இறுக இறுகச் சூடு கூடும். ஆயில் கொதித்துக் குமிழி உண்டானால் பெடல் அழுத்தமின்றி உள்ளே போய்விடும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 ஆயிலுக்கு 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிப் பழசான ஆயிலில் இது முறையே 140, 155 டிகிரி வரை இறங்கலாம்.

இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களில் 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். 125 சிசி வரை உள்ளவற்றுக்கு ஏ.பி.எஸ். அல்லது காம்பி பிரேக் இருக்க வேண்டும். காம்பி பிரேக் உள்ள மோட்டார் சைக்கிளில் பெடலை மிதித்தால் பின் பிரேக்கோடு முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். இரண்டுக்கும் தனித்தனிச் சரிசெய்யும் இடங்கள் உண்டு. பின் பிரேக்கை மட்டும் மாற்றினால் இரண்டுக்கும் உள்ள பங்கீடு குலையும். இத்தகைய வண்டிகளிலும் டிஸ்க் பிரேக் வண்டிகளிலும் பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

மீண்டும் எப்போது பார்க்க வேண்டும்?

செயினை முடுக்கிய ஒவ்வொரு முறையும் பிளேயைப் பார்க்க வேண்டும். செயினுக்காகப் பின் சக்கரம் பின்னால் தள்ளப்படுகிறது. ராடின் நீளம் மாறாததால் அது ஆர்மை இழுத்துப் பிளேயைக் குறைக்கும். டயர் அல்லது பஞ்சருக்காகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகும், புதிய ஷூ போட்ட பிறகும், நீண்ட மலைப்பயணத்துக்கு முன்பும் பார்க்க வேண்டும்.

சரிசெய்தலால் தீராதவை

ஷூ தேய்ந்திருந்தால் நட்டை முடுக்குவது தற்காலிகம்தான். பல வண்டிகளில் பிரேக் ஆர்முக்கு அருகில் ஓர் அம்புக்குறியும் பிளேட்டில் ஒரு கோடும் இருக்கும். பிரேக்கை முழுமையாக மிதிக்கும்போது அம்புக்குறி கோட்டை எட்டினால் ஷூவை மாற்ற வேண்டும். ராடும் ஆர்மும் செங்கோணத்தைத் தாண்டினால் இழுவிசையின் பயன் குறைந்துகொண்டே போகும். ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிச் செலவை ஒத்திப்போடுவது, தேய்ந்த ஷூவை மேலும் ஓட்டவைக்கும் வழியே தவிர வேறில்லை.

விழுந்து வளைந்த பெடலை ஸ்டாப்பர் போல்ட்டால் ஈடுகட்டக் கூடாது. நிமிர்த்தவோ மாற்றவோ வேண்டும். டிரம் சீராக வட்டமாக இல்லாவிட்டால், பிளே சரியாக இருந்தும் சக்கரம் ஒரே இடத்தில் உரசும். இதையும் நட்டால் தீர்க்க முடியாது.

பெடல் எவ்வளவு துல்லியமாக அமைந்திருந்தாலும் அது பின் சக்கரத்தின் பிரேக் மட்டுமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இறக்கத்தில் எடை முன்னோக்கிச் சாய்வதால் பின் சக்கரத்தின் பிடிப்புக் குறைந்து, அது எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஏறியபோது பயன்படுத்திய கியரிலேயே இறங்குவதும், இரண்டு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடிப்பதும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதும் மலைச்சாலையின் வழக்கம். வேலை முடிந்ததும் சமதரையில் மெதுவாக ஓட்டிச் சில முறை பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு பிரேக்கைத் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, டிரம்முக்கு அருகில் கையைக் கொண்டுபோக வேண்டும். அங்கே சூடு தெரிந்தால் பிரேக் உரசுகிறது. பிளேயை மீண்டும் பார்த்த பிறகே மலையேற வேண்டும்.